திரையைப் பிரிந்த இசை: பின்னணியிசைத் தொகுப்புகள் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படம் ஒன்றிற்கென எழுதப்பட்ட இசை, அப்படத்தைப் பிரிந்த பின்னரும் இசையாக வாழுமா? வாழுமெனில் எந்த உருவில் வாழவேண்டும்? மேலைநாடுகளிலே, சிறப்பாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், திரைப்படப் பின்னணியிசையில் ஈடுபாடு கொண்ட இரசிகர் கூட்டமொன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓயாது விவாதித்துவரும் வினாக்கள் இவை. திரைப்பட இசைத்தட்டு என்றவுடன் தமிழ் இரசிகர் மனத்தில் முதலில் எழுவது பாடல்களே. ஆனால் அக்கூட்டத்தினர் பேசுவது பாடல்களைப் பற்றியன்று. காட்சியின் பின்னே வாத்தியக்குழு வாசிக்கும் இசையைப் படத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே வெளியிடும் தொகுப்புகளைப் பற்றியே அவர்கள் பேசுகின்றனர்.

மேலோட்டமாகக் கேட்போருக்கு இவ்விவாதம் வீண்வேலையாகத் தோன்றக்கூடும். 30 நிமிட இசைத்தட்டே போதுமானது என்பார் ஒருவர். 2 மணி நேர இசையும் வேண்டும் என்பார் இன்னொருவர். படத்துக்கெனப் பதிவுசெய்த ஒலிநாடாவே மூலம் என்பார் ஒருவர். புதிதாகச் செய்த மீள்பதிவே சிறந்தது என்பார் வேறொருவர். ஆயினும், சற்று ஊன்றி நோக்குமிடத்து, கலை பற்றிய ஓர் அடிப்படைப் பிரச்சினை இதனுள் அடங்கியிருப்பது புலனாகும். ஒரு படைப்பின் உண்மையான உருவம் எது? அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? படத்தை ஆக்கிய நெறியாளருக்கா, இசையை எழுதியவருக்கா, அல்லது அதனைக் கேட்பவருக்கா?

பின்னணியிசைத் தொகுப்பின் வரலாற்றைப் பார்த்தால், அது தொடக்கம் முதலே படத்தின் நேர்ப்பிரதியாக இருந்ததில்லை என்பது தெரியவரும். வோல்ட் டிஸ்னியின் 'ஸ்நோ வைட்' படத்தின் ஒலித்தடத்திலிருந்து எடுக்கப்பட்ட பாடல்கள் 1938இல் 3 இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1942இல் வெளிவந்த 'ஜங்கிள் புக்' படத்திற்கு இசையமைத்த மிக்லோஷ் ரோஷா, தமது இசையை வாத்தியக்குழுவொன்றைக் கொண்டு மீண்டும் வாசிக்கச் செய்து, படத்தில் நடித்த, மைசூரில் பிறந்த சாபு என்னும் இளைஞரின் கதைகூறலோடு அதனை இசைத்தட்டாக்கினார். வாத்தியக்குழுவின் பின்னணியிசையை மக்கள் விலைகொடுத்து வாங்கலாயினமைக்கு அது முன்னோடியாக அமைந்தது. படத்தில் கேட்ட இசையும் தட்டில் கேட்ட இசையும் ஒன்றல்ல. தட்டுக்கென வேறொரு வாசிப்பு, வேறொரு ஒழுங்கு, வேறொரு குரல். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் 4 அல்லது 5 நிமிடங்களே அடங்கின. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை அறிமுகப்படுத்திய பின்னர் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் அடங்கலாயிற்று. இவ்வாறு தொகுப்பின் அளவை முதலில் வகுத்தது இசையின் தேவையன்று, தட்டின் அகலமே.

அக்காலத்தில் இத்தகைய தட்டை வாங்கியவர் எதனை வாங்கினார் என்பதும் எண்ணிப்பார்க்கத்தக்கது. படம் கொட்டகையை விட்டு நீங்கியதும் அதனை மீண்டும் காண வழி இருக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் வீட்டு வீடியோக் கருவி பரவும்வரை, கண்ட படத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்வதற்கு இருந்த வழிகளுள் இசைத்தட்டே தலையாயது. எனவே இரசிகர் அதில் தேடியது இசையை மட்டுமன்று; இழந்த ஒரு மாலைப் பொழுதையும் தேடினார். ஊசி தட்டைத் தொட்டதும் இருளிலே விரிந்த திரை அவர் மனக்கண்ணில் மீண்டும் விரிந்தது. பின்னாளில் எழுந்த பல சச்சரவுகளுக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது. நினைவை மீட்பதற்காகக் கேட்பவர் ஒன்றை வேண்டுவார். இசையைத் துய்ப்பதற்காகக் கேட்பவர் வேறொன்றை வேண்டுவார். இருவரும் வாங்குவதோ ஒரே தட்டு.

இவ்விவாதத்தில் ஈடுபடுவோரை இரு திறத்தாராக வகுக்கலாம். ஒரு சாரார் முழுமை வேண்டுவோர். இசையமைப்பாளர் எழுதியன அனைத்தும், படத்தில் வரும் ஒழுங்கிலேயே, ஒன்றும் விடுபடாது தரப்படவேண்டும் என்பது இவர்களது கொள்கை. மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பவர்கள் இவர்கள். இன்ன காட்சியில் கதவு திறக்கும்போது ஒலிக்கும் 40 வினாடி இசை தட்டில் இல்லை என்று குறித்துவைப்பர். விடுபட்ட அந்த 40 வினாடிகளுக்காக 20 ஆண்டுகள் காத்திருப்பர், கிடைத்ததும் அகமகிழ்வர். இதனைக் கண்டு நகைப்போர் உளர். ஆயினும் நூலொன்றில் ஓர் ஏடு கிழிந்திருந்தால் வாசகர் வருந்துவது போன்றதே இவர்களது வருத்தமும் ஆகும்.

மறுசாரார் தெரிவு வேண்டுவோர். காட்சிக்கென எழுதப்பட்ட இசையில் ஒரு பகுதி காட்சியோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது என்பது இவர்களது வாதம். உரையாடலின் அடியில் மெல்ல நீளும் ஒற்றைச் சுரம் கொட்டகையிலே அச்சத்தை ஊட்டலாம். தட்டிலோ அது வெறும் காத்திருப்பாகவே அமையும். ஒரே கருப்பொருள் 10 காட்சிகளில் 10 முறை வரலாம்; 10 முறையும் தட்டில் கேட்பவர் சலிப்படைவார். ஆதலின் சிறந்தவற்றைத் தெரிந்து, எழுச்சியும் தணிவும் அமைய ஒழுங்குபடுத்தி, அளவறிந்து தருபவரே நல்ல தொகுப்பாளர் என்பர். விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நவீன மேடைக்கெனச் சுருக்கித் தந்தமையை அறிந்தோருக்கு இவ்வாதம் புதியதன்று. இரவு முழுவதும் களரியைச் சூழ்ந்திருந்தவர்க்கு ஏற்ற அளவு வேறு. மண்டபத்திலே அமர்ந்திருந்தவர்க்கு ஏற்ற அளவு வேறு.

இரு திறத்தாரும் தத்தம் சார்பில் எடுத்துக்காட்டும் தொகுப்பு ஒன்றே என்பது வியப்புக்குரியது. அது 1977இல் ஜோன் வில்லியம்ஸ் தந்த 'ஸ்டார் வோர்ஸ்' இரட்டை இசைத்தட்டு. லண்டன் சிம்பொனி வாத்தியக்குழு வாசித்த அவ்விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பகுதி அதில் அடங்கியிருந்தது. பின்னணியிசைக்கு அக்காலத்தில் கிடைத்த இடத்தை நோக்கும்போது அது பெருங்கொடையே. ஆனால் வில்லியம்ஸ் படத்தின் ஒழுங்கைப் பின்பற்றவில்லை. முதிய வீரரான பென் மடியும் காட்சியின் இசை தட்டில் முன்னே வருகிறது. அவர் உயிரோடு நுழையும் மதுச்சாலையின் இசை அதற்குப் பின்னே வருகிறது. கதையை நினைத்துக் கேட்பவருக்கு இது முரணே. இசையாகக் கேட்பவருக்கோ, ஒவ்வொரு பக்கமும் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கச்சேரிபோல அமைந்திருப்பது புரியும். 1997இல் முழு இசையும் பட ஒழுங்கில் இரு இறுவட்டுகளாக வெளிவந்தது. அதன் பின்னரும் பழைய இரட்டைத் தட்டின் ஒழுங்கையே விரும்புவோர் குறைந்துவிடவில்லை. முழுமை கிடைத்தும் தெரிவு சாகவில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

தொகுப்புகள் சுருங்கியமைக்குக் கலைக்கொள்கை மட்டுமே காரணம் எனக் கொள்ளலாகாது. பணமும் ஒரு காரணம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, படத்துக்கென வாசித்த இசையை இசைத்தட்டாக வெளியிடும்போது அதனை வாசித்த கலைஞர்களுக்கு மீண்டும் கூலி வழங்கப்படவேண்டும். உழைத்தவர்க்கு உரிய அந்நியதி நேர்மையானதே. ஆயினும் சில ஆயிரம் பிரதிகளே விற்கக்கூடிய பின்னணியிசைக்கு அது பெருஞ்சுமையாயிற்று. எனவே 1980களிலும் 1990களிலும் வெளியீட்டாளர் பலர் 30 நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டனர். இரசிகர் பலர் இசையமைப்பாளரின் சுவைத்தெரிவு எனப் போற்றிய சுருக்கம், சில வேளைகளில் கணக்காளரின் பேனா வரைந்த கோடேயாகும். 1980இல் இரட்டைத் தட்டாக வந்த 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' இசை, 1985இல் இறுவட்டாக வந்தபோது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல காட்சிகள் எடுக்கப்பட்ட 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்திற்கு இசை கிட்டத்தட்ட இடைவிடாது ஒலிக்கின்றது. 1984இல் வெளிவந்த தட்டிலோ ஏறத்தாழ 40 நிமிடங்களே இருந்தன. விரிவான தொகுப்பைக் காண இரசிகர் 2008ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இதுவரை கூறியவற்றால், படமே மூலம். தட்டு அதன் குறைந்த அல்லது நிறைந்த பிரதி என்ற எண்ணம் தோன்றக்கூடும். அவ்வெண்ணத்தைக் குலைக்கும் சான்றுகளும் உள. 1979இல் வெளிவந்த ரிட்லி ஸ்கொட்டின் 'ஏலியன்' படத்திற்கு இசையமைத்தவர் ஜெரி கோல்ட்ஸ்மித். அவர் எழுதிய தொடக்க இசை ஏற்கப்படாமையால் வேறொன்றை எழுதிக் கொடுத்தார். ஏனைய பகுதிகளும் வெட்டப்பட்டும் இடம் மாற்றப்பட்டும் போயின. 1962இல் 'ஃபுரொய்ட்' என்ற படத்துக்கு அவரே எழுதியிருந்த இசை சில இடங்களில் ஒட்டப்பட்டது. படத்தின் முடிவிலோ ஹவார்ட் ஹான்சன் என்பாரின் இரண்டாவது சிம்பொனியிலிருந்து எடுத்த பகுதி ஒலித்தது. தாம் எண்ணிய வடிவத்தைக் கோல்ட்ஸ்மித் காட்டியது அவ்வாண்டில் வந்த இசைத்தட்டிலேயாகும். இங்கு எதனை மூலம் என்பது? கொட்டகையில் மக்கள் கேட்டதையா, இசையமைப்பாளர் எழுதியதையா? படத்தின் ஒழுங்கே வேண்டும் என வற்புறுத்துவோர் இவ்விடத்தில் தடுமாறுவர். 2007இல் வந்த இரட்டை இறுவட்டு எழுதியதையும் மாற்றியதையும் பழைய தட்டையும் ஒருங்கே தந்தே இவ்வினாவிலிருந்து தப்பியது.

இதனினும் கொடிய நிலை, எழுதிய இசை முழுவதுமே தள்ளப்படுவதாகும். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நோர்த் எழுதிய இசையை ஸ்டான்லி கியூப்ரிக் ஒதுக்கிவிட்டு, முன்னரே வழங்கிவந்த செவ்வியல் இசைப் பதிவுகளைப் பயன்படுத்தினார். 1966இல் 'டோர்ன் கேர்ட்டின்' படத்துக்கு பேர்னாட் ஹேர்மன் எழுதிய இசையை அல்பிரட் ஹிட்ச்கொக் நிராகரித்தார். நெடுநாள் நண்பர்களான இருவரும் அத்தோடு பிரிந்தனர். படத்திலே இடம்பெறாத இவ்விசைக்குத் தட்டைத் தவிர வேறு வீடில்லை. நோர்த்தின் இசையை, அவர் 1991இல் மறைந்த பின்னர், அவரது நண்பர் கோல்ட்ஸ்மித் லண்டனில் பதிவுசெய்து 1993இல் உலகறியச் செய்தார். நோர்த் தாமே பதிவுசெய்திருந்த ஒலிநாடா 2007இல் வெளிவந்தது. கியூப்ரிக்கின் தெரிவே படத்துக்குப் பொருந்தியது என வாதிடுவோர் உளர், அதில் உண்மையுமுண்டு. ஆனால் படத்துக்குப் பொருந்தாத இசை இசையாகவும் பயனற்றது என்பது அதனால் பெறப்படாது. அவ்விசையைக் கேட்டு முடிவு செய்யும் வாய்ப்பை இரசிகருக்குத் தந்தது தொகுப்பேயாகும்.

இசையமைப்பாளர் தாமே தட்டுக்கென இசையை மாற்றியமைத்த சந்தர்ப்பங்களும் பல. 1975இல் 'ஜோஸ்' படத்துக்கு வந்த தட்டில் உள்ளது படத்தில் ஒலித்த பதிவன்று. ஜோன் வில்லியம்ஸ் தட்டுக்கென மீண்டும் பதிவுசெய்தது. சுறாவின் வருகையைக் குறிக்கும் அவ்விரு சுரங்கள் பட்டிதொட்டியெங்கும் பரவியமையில் அத்தட்டுக்கும் பங்குண்டு. படப்பதிவோ 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 1982இல் 'ஈ.ரீ.' படத்துக்கும் அவ்வாறே தட்டுக்கெனத் தனி வடிவம் அமைத்தார். இப்படத்தின் இறுதிக் கட்டத்தைப் பற்றி நன்கறியப்பட்ட செய்தி ஒன்றுண்டு. காட்சியின் ஒவ்வொரு அசைவுக்கும் இசையைப் பொருத்த வில்லியம்ஸ் இடர்ப்பட்டபோது, நெறியாளர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் திரையை அணைக்கச் செய்து, கச்சேரியில் வாசிப்பதுபோல் வாசிக்குமாறு கூறினார். பின்னர் அவ்விசைக்கு இணங்கப் படத்தைத் தொகுத்தார். வழக்கமாக இசை காட்சிக்குப் பணியும். அங்கே காட்சி இசைக்குப் பணிந்தது. பின்னணியிசைக்குத் தன்னளவில் ஓர் இயக்கமும் மூச்சும் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. தட்டிலே அம்மூச்சைத் தடையின்றி விடச்செய்வது இசையமைப்பாளரின் உரிமை என்பர் தெரிவு வேண்டுவோர்.

மீள்பதிவு பற்றிய சச்சரவு இதனோடு தொடர்புடையது. ஆனால் இன்னும் நுண்ணியது. 1960இல் வெளிவந்த 'சைக்கோ' படத்துக்கு நரம்பு வாத்தியங்களை மட்டும் கொண்டு ஹேர்மன் எழுதிய இசை, படம் வந்தபோது தட்டாக வெளிவரவில்லை. தாம் காலமான 1975ஆம் ஆண்டிலேயே ஹேர்மன் அதனை லண்டனில் மீள்பதிவு செய்தார். எழுதியவரே நெறிப்படுத்திய பதிவு என்பதால் அதற்கு மேலான அதிகாரம் வேறில்லை எனலாம். ஆயினும் அதன் நடை படத்தில் உள்ளதைவிட ஆறுதலானது. படத்திலே கத்தியின் வேகத்தோடு கேட்டுப் பழகிய காதுக்கு அது தளர்ந்ததாகத் தோன்றும். இசையமைப்பாளரே தம் இசைக்கு மாறாக வாசித்தார் எனக் குறைகூறும் இரசிகரும் உளர். 15 ஆண்டுகளில் மனிதர் மாறுகின்றார். அவரது இசையும் அவரோடு மாறுகிறது. காதில் நிலைத்துவிட்ட முதற்பதிவோ மாறுவதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஹேர்மன் இசையமைத்த 'வேர்ட்டிகோ' 1958இல் வெளிவந்தது. அமெரிக்க இசைக்கலைஞரின் வேலைநிறுத்தம் காரணமாக, மியூர் மத்தீசன் என்பாரின் நெறிப்படுத்தலில் ஒரு பகுதி லண்டனிலும் மறுபகுதி வியன்னாவிலும் பதிவாயின. 1996இல் அம்மூலப்பதிவுகள் விரிவாக வெளிவந்தபோது, ஒலிநாடாக்களின் தேய்வும் இருநகரப் பதிவுகளின் வேறுபாடும் செவிக்குத் தெளிவாயின. புதிய மீள்பதிவுகளில் ஒலி தெளிவாக இருந்தது. அடியில் அமிழ்ந்துகிடந்த வாத்தியங்கள் மேலெழுந்தன. ஆயினும் பலர் அந்தத் தேய்ந்த ஒலியையே நாடினர். பழைய புகைப்படத்தின் மங்கலைத் துடைத்துவிட்டால் முகமும் மாறிவிடும் என அஞ்சுவோரை இவர்கள் ஒப்பர்.

இங்கே விவாதத்தின் உள்முரணொன்று வெளிப்படுகிறது. வீடியோக் கருவியும் பின்னர் இறுவட்டுகளும் வந்தபின், படத்தை எவரும் எப்பொழுதும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவ்வாறாயின் நினைவை மீட்கும் பணியிலிருந்து இசைத்தட்டு விடுதலை பெற்றிருக்கவேண்டும். முழுமைக்கான வேட்கை தணிந்திருக்கவேண்டும். நிகழ்ந்ததோ எதிர்மாறு. படம் கையில் இருந்தமையால் தட்டில் இல்லாதது எது என்பதை ஒப்பிட்டு அறிய முடிந்தது. குறை தெரிந்தது, தெரிந்ததும் வேட்கை பெருகியது. 1982இல் வெளிவந்த 'பிளேட் ரணர்' படத்தின் இறுதியில், வங்கேலிஸின் இசைத்தட்டு வெளிவரும் என்ற குறிப்பு இருந்தது. அதற்குப் பதிலாக வேறொரு வாத்தியக்குழு வாசித்த தட்டே வந்தது. வங்கேலிஸின் தொகுப்பு வெளிவந்தது 12 ஆண்டுகளின் பின், 1994இல்தான். இடைக்காலத்தில் இரசிகரிடையே திருட்டுப் பதிப்புகள் உலாவின. வங்கேலிஸ் தந்த தொகுப்பிலோ படத்தின் உரையாடல்கள் இசையோடு கலந்திருந்தன. அதனை ஒரு தனிக் கலைப்படைப்பு என்று போற்றுவோரும், இசையை மறைக்கும் இடையூறு என்று தூற்றுவோரும் இன்றுவரை உடன்பட்டாரில்லர். திருட்டுப் பதிப்பை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் மக்கள் விரும்பும் ஒன்றை உரியவர் தாரார் எனில், உரிமையில்லாதவர் தர முன்வருவர் என்பதற்கு அது நல்ல பாடமாயிற்று.

இவ்விவாதங்கள் யாவும் வெறும் சுவைவேற்றுமை பற்றியனவாயின் அவற்றை இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. இவற்றின் பின்னே ஓர் இழப்பின் அச்சம் நிற்கின்றது. ஹொலிவூட் நிறுவனங்கள் நெடுங்காலம் பின்னணியிசையைப் படத்தின் மூலப்பொருள்களுள் ஒன்றாகவே கருதின. வீடு கட்டி முடிந்தபின் சாரமரத்தைக் காப்போர் யார்? எம்.ஜி.எம். நிறுவனம் தன் நூலகத்திலிருந்த வாத்தியக்குழு இசைப்பிரதிகளை 1960களின் இறுதியில் குப்பையோடு குப்பையாக நிலத்தில் புதைக்கவிட்டது. அந்நிறுவனத்தின் இசைநாடகப் படங்களின் இசையைப் பிற்காலத்தில் ஜோன் வில்சன் என்ற ஆங்கில நெறியாளர், எஞ்சிய குறிப்புகளைத் துணைக்கொண்டும் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டும் மீட்டெழுதினார். 2009இல் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அது அரங்கேறியபோது, காதால் கேட்டே மீட்கப்பட்ட இசை வாத்தியங்களில் மீண்டும் எழுந்தது.

அழிவுக்கு அணையிட்டவர்களை எண்ணும்போது, இவ்விரசிகரின் விவாதத்திற்குரிய மதிப்புப் புலனாகின்றது. 1972இல் சார்ள்ஸ் கேர்ஹாட், எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்டின் இசையை லண்டனில் மீள்பதிவு செய்து வெளியிட்ட 'த சீ ஹோக்' தட்டு, மறக்கப்பட்டிருந்த ஒரு தலைமுறையையே மீட்டது. அதனைத் தயாரித்தவர் இசையமைப்பாளரின் மகன் ஜோர்ஜ் கோர்ன்கோல்ட். 1974 தொடக்கம் 1979 வரை இசையமைப்பாளர் எல்மர் பேர்ன்ஸ்டீன், சந்தாதாரரை நம்பியே ஒரு தட்டுவரிசையை நடத்தினார். நிராகரிக்கப்பட்ட 'டோர்ன் கேர்ட்டின்' இசை அதிலே உயிர்பெற்றது. 1990இல் லூகாஸ் கெண்டல் என்ற இளைஞர் சிறு மடலாகத் தொடங்கிய 'ஃபில்ம் ஸ்கோர் மன்த்லி', சஞ்சிகையாக வளர்ந்து, பின்னர் ஏறத்தாழ 250 இறுவட்டுகளை வெளியிட்டது. 1933இல் மக்ஸ் ஸ்டைனர் 'கிங் கொங்' படத்துக்கு எழுதிய இசை 1990களில் மீட்டமைக்கப்பட்டு மொஸ்கோவில் பதிவாயிற்று. இவற்றுள் எதனையும் பெருநிறுவனத்தின் இலாபநோக்கு தானாகச் செய்துவிடவில்லை. அந்த 40 வினாடி எங்கே எனக் கேட்டுக்கொண்டேயிருந்த சிலரது பிடிவாதமே இவற்றைச் செய்வித்தது.

அவ்வாறாயின் முழுமை வேண்டுவோரே வென்றனர் எனக் கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முதற்பாகத்தின் இசை 2001இல் ஒரே இறுவட்டாக வந்தது. 2005இல் 3 மணி நேர முழுத்தொகுப்பாக வந்தது. முன்னதைக் கேட்பவர் ஒரு மாலைப் பொழுதில் அதன் உயிர்ப்பை உணர்வார்; பின்னதைக் கேட்பவர் ஹவார்ட் ஷோர் கருப்பொருள்களை எவ்வாறு விதைத்து வளர்த்தார் என்பதைக் கற்பார். ஒன்று கேட்பதற்கு, மற்றொன்று கற்பதற்கும் காப்பதற்கும். இவ்விரு தேவைகளையும் ஒன்றாக மயங்கியமையே நெடுங்காலச் சச்சரவின் காரணம் எனல் தகும். காப்பகம் முழுமையை நாடவேண்டும். கச்சேரி அளவை நாடவேண்டும். காப்பகத்தைக் கச்சேரியாக்கினால் சலிப்பு மிகும். கச்சேரியையே காப்பகமாக்கினால் அழிவு நேரும்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோருக்கு இம்முடிவு எளிதில் விளங்கும். செல்லரித்துச் சிதையும் ஏடுகளைத் தேடித் திரிந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தனர். நல்ல பதிப்பாசிரியர் சிறந்த பாடத்தைத் தெரிந்து மேலே வைப்பார். ஏனைய பாடபேதங்களை அடிக்குறிப்பில் காப்பார். தெரிவும் உண்டு, இழப்பும் இல்லை. அண்மைக்காலச் சிறந்த பின்னணியிசைத் தொகுப்புகளும் இம்முறையையே மேற்கொள்கின்றன. முழு இசையும் பட ஒழுங்கில் ஒரு வட்டில்; இசையமைப்பாளர் முன்பு ஒழுங்குபடுத்திய பழைய தொகுப்பு மறுவட்டில்; கைவிடப்பட்ட வடிவங்கள் பின்னிணைப்பில். எது உயர்ந்தது என்ற தீர்ப்பை வெளியீட்டாளர் வழங்குவதில்லை. அது கேட்பவரிடம் விடப்படுகின்றது.

ஆகவே பின்னணியிசைத் தொகுப்பொன்றை மதிப்பிடும்போது முதலில் கேட்கவேண்டியது எத்தனை நிமிடம் என்பதன்று. அது எத்தகைய கேட்டலுக்காக ஆக்கப்பட்டது, அவ்வாறு ஆக்கியவர் விட்டவற்றை எங்கேனும் காத்துவைத்தாரா என்பவையே முதல் வினாக்கள். சுருக்கித் தந்தவர் மூலத்தையும் காத்திருப்பாராயின் அவர்மீது குறையில்லை. மூலம் அழிய விட்டபின் எத்துணை அழகாகச் சுருக்கித் தந்தாலும் அது எஞ்சியதேயன்றித் தெரிந்ததன்று. இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தியவர்கள், கொட்டகை விளக்குகள் எரிந்த பின்னரும், மற்றவர்கள் எழுந்து சென்ற பின்னரும், இறுதி எழுத்துகள் மறையும்வரை இருக்கையில் இருந்து கேட்ட சாதாரண இரசிகர்களே ஆவர்.